படித்துக் காட்டியவர்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லாமல், என் கையாலேயே எழுதுவது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் மகனும் மருமகளும் நலமா? இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தகரக் கொட்டகையில் இருந்தபோதே மாலை வகுப்புக்குப் போனேன். எட்டு மாதம். 'ழ' மட்டும்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. எழுத எழுதச் சிரிப்பு வருகிறது. "என்னப்பா, தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?" என்று மகள் பயப்படுகிறாள். போனில் பேசிவிடலாமே என்றும் கேட்கிறாள். மில் இரைச்சலில் பாதிக் காதைத் தொலைத்துவிட்டவன் நீ. போனில் நான் கத்தினால் உன்னைத் தவிர ஊருக்கே கேட்கும். தவிர, போனில் பேசினால் நான் படித்தது உனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் மகள் என்னைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். மருமகன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேற்பார்வையாளர். தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் ஓடினால் மேசையில் டம்ளர் நடுங்கும்.

இது எந்த இடம் என்று சொல், பார்ப்போம். நம் சாயப்பட்டறை! புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்து, அதற்கு ராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள். நம் வரிசை வீடுகள் இருந்த இடத்தில்தான் இந்தக் கட்டடம். நாம் முப்பத்திரண்டு குடும்பமும் அடித்துக்கொண்ட குழாயடியில் நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை. கழிவுநீர் நீலமாக ஓடிய சந்துக்கு 'நீலச் சந்து' என்று பலகை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிக்கிறார்கள். 'பசி' என்று ஒரு கடை. உள்ளே போகிறவர்கள் யாருக்கும் பசி இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாப் பலகையையும் படிக்கிறேன். படிக்கும்போது சந்தோஷம், படித்து முடித்ததும் எரிச்சல். எழுத்து இப்படி இரண்டையும் தரும் என்று டீச்சர் சொல்லவில்லை.

பதிலை நீயே உன் கையால் எழுது.

உன் அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி மருமகள் உயிரை எடுக்கிறாள்.

உங்கள் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். நான் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஆனால் அண்ணா, இந்த வயதில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? எழுத்துப் படித்தவர்கள் எல்லாம் என்ன கண்டுவிட்டார்கள்? இத்தனை வருடம் அது இல்லாமலேயே நன்றாகத்தானே இருந்தீர்கள்.

பழைய இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்காதீர்கள். இடித்தது இடித்ததுதான். முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள்.

தங்கள் தம்பி

&nbsp;

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் தடவுகிறேன். நீ உப்பைக் குறை. மருமகள் சொல்வதைக் கேள்.

உன் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனேன். முத்துக் கோத்த மாதிரி இருக்கிறது. மருமகனிடம் காட்டினேன், மாடி வீட்டு டிரைவரிடமும் காட்டினேன். உன்னைத் தோளில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, நான் சாயத்தொட்டிக்கு ஓடிய காலைகள் வீண் போகவில்லை.

சுற்றிப் பார்க்காதே என்றாய். எனக்குக் கால் நிற்கவில்லை. பழைய சாயக் கொட்டகையில் ஒரு காபிக் கடை. பெயர் 'சாயம்'. சுவரைப் பூசாமல் காரையை வேண்டுமென்றே பெயர்த்துவிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவர் அப்படி இருந்தபோது உன் அண்ணி அதன்மேல் காலண்டரை மாட்டி மறைப்பாள்.

உள்ளே போனேன். மேலாளராக இருக்கிற பையன் வந்தான். குடுமி வைத்திருக்கிறான், வயது முப்பது இருக்கும்.

"தாத்தா, டெலிவரியா? பின்பக்கம் வாங்க."

"டெலிவரி இல்லப்பா. காபி."

"உக்காந்து குடிப்பீங்களா?"

"பின்ன, படுத்துக்கிட்டா குடிப்பாங்க?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு இடம் கொடுத்தான். காபி கசந்தது. அதுதான் விசேஷமாம்.

சுவரில் பழைய காகிதம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பட்டறை ஆபீஸ் இரும்பு அலமாரியில் கிடைத்ததாம். கீழே ஒரு பித்தளைத் தகட்டில் 'காலத்தின் விரல்கள்' என்று எழுதியிருந்தது. படித்தேன். மேலே வரிசை வரிசையாகப் பெருவிரல் ரேகைகள். மூன்றாவது வரிசையில் ஒரு ரேகையின் நடுவே குறுக்கே வெள்ளைக் கோடு. என் விரலைத் திருப்பிப் பார்த்தேன். தொட்டிச் சங்கிலி அறுத்த தழும்பு. தம்பி, அது என் விரல்!

என் விரலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண் உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொண்டாள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

ரேகைகளுக்கு மேலே இருக்கிற எழுத்து பொடி எழுத்து. முதல் வரியை முடிப்பதற்குள், "தாத்தா, ஆளுங்க காத்திருக்காங்க" என்று எழுப்பிவிட்டான். நாளைக்கும் போவேன். அன்று நீ படித்துக் காட்டிய காகிதம்தானே, இப்போது நானே படிக்கப்போகிறேன் என்று நினைத்தால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 21

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நலம் விசாரிக்கவும் மனசு இல்லை.

ஆறு நாள் போனேன். ஆறு கசப்புக் காபி. தினம் ஒரு வரியும் அரை வரியுமாகச் சீட்டில் எழுதி எடுத்து வந்தேன். அதை அப்படியே கீழே எழுதுகிறேன். ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"கீழே ரேகை வைத்துள்ள நாங்கள், எங்கள் வசமுள்ள அறைகளை நிரந்தரமாகக் காலி செய்து ஒப்படைக்கிறோம். இனி இந்த இடத்தின் மேல் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்லை. மேற்கண்ட வாசகம் எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. புரிந்துகொண்டு முழுச் சம்மதத்துடன் ரேகை வைக்கிறோம்."

அதன் கீழே, "படித்துக் காட்டியவர்" என்று போட்டு உன் கையெழுத்து. முப்பத்தொரு ரேகைக்கு நடுவே அந்த ஒரே கையெழுத்தைப் பார்த்து அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இருபத்தாறு வருடம் ஆகியும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கவிழ்த்துப் போட்ட சாய டிரம் மேல் ஏறி நின்றாய். வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்தாய். "ஆறு மாசம் வெளிய இருங்க. கூரை மாத்திட்டுத் திரும்பக் கூப்பிடுவாங்க." இதுதான் நீ படித்தது. நிரந்தரமாக என்ற சொல் அதில் இருக்கிறது. ஏழெழுத்து. நான் எண்ணிப் பார்த்தேன். அந்த ஏழு எழுத்தை எங்கே முழுங்கினாய்?

ஆறு மாதம் என்று நம்பித்தான் உன் அண்ணி அம்மிக்கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். கடைசி வரை தகரத்துக்குக் கீழே வெந்தாள். "உங்க தம்பி நம்மள வித்துட்டாரு" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும், "என் தம்பி படிச்சவன், தப்பா சொல்ல மாட்டான்" என்று நான் அவளோடு சண்டை போட்டேன். ஒரு தடவை மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அவளிடம், என் மனைவியிடம்! அவள் செத்தபோது நீ வரவில்லை. மில்லில் விடுப்பு இல்லை என்றாய். அதையும் நம்பினேன்.

வீடு காலியான மறு வாரம் உனக்கு இரண்டு நாள் ரயில் தூரத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. அன்று அதிர்ஷ்டம் என்றோம். இன்று உன் சாயம் வெளுத்துவிட்டது.

நீ என்ன படித்தாய்? எனக்குப் பதில் வேண்டும்.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 12

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. புதுக் காபிக் கடைக்கெல்லாம் போய் வருகிறீர்கள் என்று கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஆறு நாள் விடாமல் போனீர்களாமே. காபி அதிகம் குடித்தால் தூக்கம் கெடும், பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியைப் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டுக் கண் கலங்கியது. அவர்கள் கையால் சாப்பிட்டதை மறக்க முடியுமா?

இங்கே வெயில் கொளுத்துகிறது. முழங்கால் இப்போது பரவாயில்லையா?

தங்கள் தம்பி

&nbsp;

ஏப்ரல் 19

கேலி செய்கிறாயா?

நான் ரத்தம் கொதித்து எழுதினால், நீ வெயில் கொளுத்துகிறது என்கிறாய். நான் ஏன் ஏமாற்றினாய் என்று கேட்டால், காபி குடிக்காதே என்கிறாய். உன் அண்ணியின் பெயரை இழுத்துக் கண் கலங்கியது என்று வேறு எழுதுகிறாய். படித்தவன் அல்லவா, நெஞ்சில் ஈரம் இல்லாமலேயே கண் கலங்க எழுத வரும்.

உன் முத்துமுத்தான கையெழுத்தைக் கிழித்து மோட்டார் அறைத் தொட்டியில் போட்டேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனை ஒரு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். அதோடு சரி.

&nbsp;

மே 2

வணக்கத்திற்குரிய பெரிய மாமாவுக்கு,

உங்கள் தம்பியின் மருமகள் எழுதுவது. இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. தங்கள் உடல்நலத்தை விசாரிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் கிழித்துப் போட்ட கையெழுத்து என்னுடையது. உங்கள் கடிதங்களை மாமாவின் காதருகே உட்கார்ந்து படித்துக் காட்டுவதும் நான்தான். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த வீட்டுக்கு நான் வந்த ஆறாம் நாள், மருந்துச் சீட்டை நீட்டி, "கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன், என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா" என்றார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை. அவர் பெற்ற மகனுக்கே தெரியாது. மில்லிலும் யாராவது எழுத்தரை வைத்தே ஓட்டியிருக்கிறார். கையெழுத்து மட்டும் வரைவார்.

மார்ச் 21ஆம் தேதிக் கடிதத்தைப் பிரித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதிர்ச்சி கூடாது என்று அந்த வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். மாமா காதுக்குக் கையைக் குவித்துக்கொண்டு, "அப்புறம்? அண்ணன் அப்புறம் என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். அந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்றுமே இல்லாத மாதிரி, வாயில் வந்ததைப் படித்தேன். அவர் சந்தோஷப்பட்டுச் சொன்ன பதிலைத்தான் நான் எழுதினேன். பாவம், அவர் கேலி செய்யவில்லை.

நேற்று வந்த கடிதம் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். தினமும் வாசலைப் பார்க்கிறார். என்ன செய்வது என்று சொல்லுங்கள், மாமா.

தங்கள் மருமகள்

&nbsp;

மே 11

அன்புள்ள மருமகளுக்கு,

உன்மேல் கோபப்படக் கூடாது என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். முடியவில்லை. அன்று அவன் முப்பத்தொரு குடும்பத்துக்குச் செய்ததை இன்று நீ அவனுக்குச் செய்திருக்கிறாய். இரக்கப்பட்டுச் செய்தாய், சரி. ஆனால் நீயும் படித்துக் காட்டியவள்தான். படிக்கத் தெரியாதவன் முன்னால் ஒரு சொல்லை மாற்றுவது, கண் தெரியாதவன் சாப்பாட்டில் கை வைப்பது மாதிரி.

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். புரிய இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு ஏழு வயது ஆனபோது அப்பா என்னைத் தொட்டியில் இறக்கினார். "நீ வேலை செஞ்சா சின்னவன் படிப்பான்" என்றார். நான் இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் அந்தச் சின்னவன் என்னதான் செய்தான்?

டாக்டரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டாவது என் எல்லாக் கடிதத்தையும் அவனுக்குப் படி. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும். இதையும் படி. அவன் செத்துப்போவான் என்று பயப்படாதே. தகரக் கொட்டகையில் நாங்கள் யாரும் உடனே செத்துவிடவில்லை.

பிறகு அவனிடம் இதைச் சொல். உன் கையெழுத்தில் பதில் வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

பெரிய மாமா

&nbsp;

செப்டம்பர் 28

அன்னா

இது நான் எலுதுரது. மருமகள் எலுத்து சொல்லி குடுத்தா. இப்ப பக்கத்தில் இல்லை.

வாத்தியார் அடிச்சார். மூனு மாசம்தான் போனேன். நீங்க இறக்கி விட்டு போனதும் பாலத்துக்கு கீல போய் உக்காந்துக்குவேன். சாயங்காலம் வருவேன். உங்க கை நீலமா இருக்கும். எப்படி சொல்ல. அப்பறம் சொல்லவே முடியல.

அன்னைக்கி கிலார்க் சொன்னத சொன்னேன். விரல சும்மா நகத்தினேன். ஆறு மாசம்னு அவன்தான் சொன்னான். நான் நம்பினேன். மேஸ்திரி வேல குடுத்தப்ப புரிஞ்சிது. புரிஞ்சும் வாங்கிக்கிட்டேன்.

அண்ணி சாவுக்கு லீவு குடுத்தாங்க. நான்தான் வரல.

இத எலுத நாலு மாசம் ஆச்சி.

தம்பி

&nbsp;

அக்டோபர் 9

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாவுக்கு மூன்று சுழி. இரண்டு சுழி போட்டால் அது நான் இல்லை, யாரோ. எழுத்துக்கு ழ. அது எனக்கும் கோணலாகத்தான் வருகிறது. அதற்காக ல போட்டு ஒப்பேற்ற மாட்டேன். அண்ணி என்பதை மட்டும் சரியாக மூன்று சுழி போட்டு எழுதியிருக்கிறாய். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நாலைந்து தடவை அழித்த தடம் இருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல் எனக்கு எழுத வரும். கஷ்டமான எழுத்து ஒன்றும் அதில் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. கிளார்க் ஏமாற்றினான், சரி. புரிந்த பிறகும் வாங்கிக்கொண்டாயே, அதற்கு வாத்தியார் அடித்தது காரணம் இல்லை. பாலத்துக்குக் கீழே ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருந்ததை நினைத்தால் ஓடி வந்து தூக்க வேண்டும் போல இருக்கிறது. மேஸ்திரியை நினைத்தால் இரண்டு அறை விட வேண்டும் போல இருக்கிறது. இரண்டு பேரும் நீயாக இருக்கிறாய். நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை எழுதுபொருள் கடையில் அழியாத மைப் பேனா, பட்டையாக எழுதுவது, ஒன்று வாங்கினேன். மருமகன் என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு, "மாமா, என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க" என்றார். "உங்க வேலை மாடியில. என் வேலை அந்தக் கொட்டகையில" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கடையில் நல்ல கூட்டம். நாற்காலியை இழுத்துச் சட்டத்துக்குக் கீழே போட்டு ஏறி நின்றேன். முழங்கால் கத்தியது. 'படித்துக் காட்டப்பட்டது' என்ற இடத்துக்கு நேரே, கண்ணாடி மேல், பெரிய எழுத்தில் எழுதினேன்: "படித்துக் காட்டப்படவில்லை. அன்று இங்கே படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை." அதற்குக் கீழே, என் ரேகைக்கு மேலேயே, கையெழுத்துப் போட்டேன். தம்பி, என் முதல் கையெழுத்து. பொடியாகப் போடவில்லை.

குடுமிக்காரன் ஓடி வந்தான்.

"தாத்தா! என்ன பண்றீங்க?"

"பிழை திருத்துறேன்."

"இது எங்க சொத்து, தாத்தா."

"அது என் விரலு." விரலைக் காட்டினேன். தழும்பைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான். பிறகு துணியும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தான். அதற்குள் மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "செம்ம" என்றான் ஒருவன். குடுமிக்காரன் கூட்டத்தைப் பார்த்தான், துணியை நாலாக மடித்துப் பின்பையில் வைத்துக்கொண்டான். "இருக்கட்டும் தாத்தா. நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க, இன்னைக்குக் காபி எங்க கணக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போலீஸைக் கூப்பிட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நம்மை வெளியே அனுப்பிய காகிதமும் அழகு, அது பொய் என்று நான் எழுதியதும் அழகு இவர்களுக்கு. நாற்காலியிலிருந்து இறங்காமலேயே, அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அந்த இரண்டு வரியையும் நானே உரக்கப் படித்தேன். பிறகு காகிதத்தில் இருப்பதைப் படித்தேன். நிரந்தரமாக என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருத்தி தன் மேசைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காபியைத் தொடாமல் நானும் வந்துவிட்டேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. கண்ணாடியில் என் வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். உன் கையெழுத்து அங்கே பொய்யாக நிற்கிறது. அதை நான் திருத்த முடியாது. நீதான் வந்து திருத்த வேண்டும். அங்கே எல்லோர் முன்னாலும், மருமகள் பக்கத்தில் இல்லாமல், உன் கையால். ரயில் இரண்டு நாள்தான். லீவு இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. பேனாவில் மை இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. உப்பைக் குறை. தினமும் அரைப் பக்கமாவது எழுதிப் பழகு. நீ வந்து அந்த வரியை எழுதுகிற வரை உன்னோடு நான் பேச மாட்டேன்.

எழுதுவேன்.

கோபத்தோடு,
உன் அண்ணன்
(மூன்று சுழி)